வெட்டிய மேசைக்காலை மறுபடி ஒட்டினேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மரவேலை மேசையைத் தனியாளாகக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினேன். போர்ட்டிகோவின் நடுவில் நிறுத்தி, கயிற்றை இழுத்து, மேசை தன் கால்களில் உட்கார்ந்ததும் இழைப்புளியை எடுத்துத் தேக்குப் பலகையில் முதல் சீவலைச் சீவினேன். கடிகாரத்தைப் பார்த்தால் மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது நொடிதான் ஆகியிருந்தது. 2024 பொங்கல் சமயத்தில் இதே வேலைக்கு இரண்டு ஆளும் கால் மணி நேரமும் தேவைப்பட்டன. அந்த இரண்டாவது ஆள் என் மைத்துனர். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

இடையில் பத்து மாதம் போயிற்று. மூன்று விதச் சக்கரங்களை மாட்டிக் கழற்றினேன். நன்றாக நின்றுகொண்டிருந்த மேசையின் கால்களை வெட்டினேன், வெட்டியதை மறுபடி ஒட்டினேன். யாராவது தங்கள் பட்டறைச் சாமான்களுக்குச் சக்கரம் போட நினைத்தால் எனக்கு வீணான ஆயிரத்து எழுநூறு ரூபாயாவது அவர்களுக்கு மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தை அடுத்த ஒரு தனி வீடு. முன்னால் பத்துக்குப் பதினெட்டு அடி போர்ட்டிகோ, பக்கவாட்டில் ஏழுக்கு ஒன்பது அடி கொட்டகை. பகலில் போர்ட்டிகோ என் பட்டறை, இரவில் அங்கே கார் நிற்கும். அதனால் மேசை, வட்ட ரம்பம், கருவிகள் வைக்கும் டிராலி ஆகிய மூன்றும் தினமும் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். தரையில் வரிவரியாகக் கோடு போட்ட பார்க்கிங் டைல்ஸ். கொட்டகை வாசலில் 18 மி.மீ. உயரத்துக்குக் கடப்பா கல் படி. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தரை கேட்டை நோக்கி வாட்டம் கொடுத்துப் போடப்பட்டிருக்கிறது. எட்டடி நீள அலுமினியப் பட்டையையும் ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்தேன். எட்டடிக்கு 32 மி.மீ. இறக்கம். இந்த மூன்றையும், அதாவது கோடு, படி, வாட்டம் மூன்றையும், சக்கரம் வாங்குவதற்கு முன்னால் அளந்திருக்க வேண்டும். நான் அளந்தது இரண்டாவது தோல்விக்குப் பிறகு.

கதை தொடங்கியது டிராலியில்தான். 2021இல் அதற்கு மஞ்சள் நிற பாலியூரித்தேன் சக்கரங்கள் நான்கை இணையத்தில் மலிவாக வாங்கிப் போட்டிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போர்ட்டிகோவிலும் கொட்டகையிலும் நான்கு அங்குலத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு டிராலியை நகர்த்தினால் சக்கரத்தின் மேல்தோல், பழைய பால்கோவா உதிர்வதுபோல் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. வெள்ளத்தைத் திட்டினேன். பிறகு விரலால் நசுக்கிப் பார்த்தபோது உள்ளே வரைக்கும் அது பொலபொலவென்று இருந்தது. இரண்டு நாள் தண்ணீரில் ஆகிற காரியம் இல்லை அது. அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் போட்டுக்கொண்டதும் பிய்ந்துவருமே, அதே நோய்தான். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகையைக் காற்றின் ஈரமே வருடக்கணக்கில் மெல்ல அரித்துவிடும். சென்னைக் காற்றுக்குப் பாலியீத்தர்தான் தாங்கும். சக்கரத்தை வெளியே இருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் கேட்டு வாங்கலாம்.

வெள்ளத்தின் பங்கும் இல்லாமல் இல்லை. சக்கரத்தைத் தாங்கும் கவை மேல்தட்டில் சுழலும் இடத்தில் குண்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. டீசலில் ஒரு இரவு ஊறவைத்து, பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் அடைத்த பிறகு நான்கில் மூன்று சுழன்றன. ஆனால் மேல்தோல் இல்லாத சக்கரம் சுழன்று என்ன பயன்?

டிராலிக்கு நான்கு வாங்கப் போனவன், மேசைக்கும் சேர்த்து எட்டாக வாங்கினேன். 50 மி.மீ. வெள்ளை நைலான், ஒன்று எழுபது ரூபாய். இணையத்தில் படத்தைப் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. கையில் வந்ததும் குழந்தை நடைவண்டிச் சக்கரம்போல இருந்தது. "நைலான் தேயாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், நைலான் தேயவில்லை. மற்றதெல்லாம் நடந்தது.

மேசை ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். இடித்த வீட்டிலிருந்து வாங்கிய கோங்குச் சட்டங்களில் செய்தது. பலகையைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ் ஒரு முனையில். சக்கரங்களின் தட்டை அப்படியே காலின் அடியில் வைத்து 35 மி.மீ. திருகாணிகளால் முறுக்கினேன். மரவேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பல்லைக் கடிப்பார்கள். காலின் அடி என்பது மரத்தின் வெட்டுமுகம். நார்கள் நின்றவாக்கில் இருக்கும். அதில் திருகாணி ஏறுவதும் சுலபம், கழன்றுவருவதும் சுலபம். முதல் நாள் கடப்பா கல் படியில் சக்கரம் முட்டி நின்றது. தள்ளினால் மேசை முன்னால் கவிழப் பார்த்தது. மைத்துனரை அழைத்துத் தூக்கிக் கடத்தினோம். டைல்ஸ் கோட்டில் உருட்டும்போது எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கேட்டுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது வாரம், தரையில் கிடந்த ஒரு திருகாணியின் மேல் சக்கரம் ஏற மறுத்து நின்றது. நான் நிற்காமல் தள்ளினேன். சக்கரம் அங்கேயே இருந்தது, மேசை மட்டும் நகர்ந்தது. பிய்ந்த கால் பக்கம் மூன்று செங்கல்லை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

டிராலியில் நைலான் வேறொரு வேடிக்கை காட்டியது. இழுப்பறையைக் கொஞ்சம் வேகமாக மூடினேன். அந்த உதைப்பில் டிராலி புறப்பட்டது. வாட்டத்தில் நிதானமாக உருண்டு, கேட்டில் போய் மெல்ல இடித்து, காவல்காரர்போல் நின்றது.

அடுத்த சனிக்கிழமை மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, செம்புதாஸ் தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு கடையில் தரையிலிருந்து கூரைவரை சக்கரம். காஸ்டர் வீல் வேண்டும் என்றதும் கல்லாவில் இருந்த பெரியவர் விலையைச் சொல்லவில்லை.

"எடை எவ்வளவு சார்? தரை என்ன தரை? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நகர்த்துவீர்கள்?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எடையை மட்டும் தோராயமாக நூறு கிலோ இருக்கும் என்றேன். "இருக்கும் என்பதை வைத்து நான் என்ன தருவது? அளந்துகொண்டு வாருங்கள்" என்று தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் கோபம் வந்தது. தாம்பரம் வருவதற்குள் அது தணிந்துவிட்டது.

நூறு கிலோ மேசையை வீட்டில் எப்படி எடை போடுவது? உடல் எடை பார்க்கும் இயந்திரத்தை மேசையின் ஒரு முனைக்கு நடுவில் வைத்து, அதன் மேல் ஒரு கட்டை வைத்து, அந்தப் பக்கத்து இரண்டு கால்களும் தரையைத் தொடாதபடி தாங்கவிட வேண்டும். மறுமுனைக் கால்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுக்க வேண்டும். படித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, இதையே மறுமுனையிலும் செய்து, இரண்டையும் கூட்டினால் முழு எடை. வைஸ் இல்லாத பக்கம் 52, வைஸ் பக்கம் 56. ஆக 108 கிலோ. மேலே வைக்கும் மரம் 40 என்று வைத்துக்கொண்டேன். மேசையில் ஏறி உட்காரும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, அதற்கு 70. மொத்தம் 218.

மறுவாரம் பெரியவரிடம் இதைச் சொல்லி, "நாலால் வகுத்தால் ஐம்பத்தைந்து கிலோ தாங்கும் சக்கரம் போதும் அல்லவா?" என்றேன்.

"ஓட்டல் மேசை ஆடுவதைப் பார்த்ததில்லையா சார்? தரை சமமாக இல்லாவிட்டால் நாலில் ஒரு கால் எப்போதும் சும்மாதான் இருக்கும். மூன்றால் வகுங்கள்."

மூன்றால் வகுத்தால் 73. அவர் எடுத்துத் தந்தது 75 மி.மீ. பாலியூரித்தேன், ஒன்று 80 கிலோ தாங்கும், பிரேக்குடன் 210 ரூபாய். பாலியீத்தர் வகையா என்று கேட்டதும் அட்டைப்பெட்டியைத் திருப்பி எழுத்தைக் காட்டினார். என் டைல்ஸுக்கு 75க்குக் கீழே போகவே கூடாது என்றார். நைலான் சுலபமாக உருளும், ஆனால் கரடுமுரடில் அலறும். வார்ப்பிரும்பு எதையும் தாங்கும், ஆனால் டைல்ஸைத் தாங்கவிடாது. கறுப்பு ரப்பர் சத்தமில்லாமல் போகும், ஆனால் தரையில் கோடு போடும். அதோடு பாரத்துடன் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் இவற்றுக்கு நடுவே நிற்கிறது. படியைப் பற்றிச் சொன்னேன். 18 மி.மீ. படியை எந்தச் சக்கரமும் நேராக ஏறாது, சரிவுப் பலகை போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கோங்குத் துண்டை ஆப்புபோல் சீவிப் படிக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். எல்லாச் செலவிலும் எனக்கு அதிகப் பயன் தந்தது காசில்லாத அந்தத் துண்டுதான்.

இந்த முறை திருகாணி கிடையாது. 18 மி.மீ. பிளைவுட்டை இரட்டையாக ஒட்டி 36 மி.மீ. தடிப்பில் நான்கு சதுரம் வெட்டி, இரும்பு ஆங்கிள் கொண்டு காலோடு இணைத்து, சக்கரத்தின் தட்டை 8 மி.மீ. போல்ட், வாஷர், தானாகக் கழலாத நைலாக் நட்டால் முடுக்கினேன். அசைத்துப் பார்த்தேன், பாறை. ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் 103, பிளைவுட் 36, ஆக மேசை 139 மி.மீ. உயர்ந்துவிட்டது. 34 அங்குல மேசை முப்பத்தொன்பதரை ஆயிற்று. தோளுக்கு மேல் கையைத் தூக்கி யார் இழைப்பது? யோசிக்காமல் நான்கு கால்களையும் 140 மி.மீ. வெட்டினேன். வெட்டிய துண்டுகளை எறியாமல் அலமாரியில் வைத்தது என் புத்திசாலித்தனம் இல்லை. கோங்கை எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உருட்டுவதில் குறையே இல்லை. சரிவுப் பலகையில் ஒரு கையால் ஏறியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான்கு பிரேக்கையும் மிதித்துவிட்டு இழைக்க ஆரம்பித்தேன். மேசை என்னோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வந்தது. பிரேக் சரியாகத்தான் பிடித்திருந்தது, சக்கரம் ஒரு இம்மியும் உருளவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சக்கரம் நிற்கிறது, அதைப் பிடித்திருக்கும் கவை மேலே சுழல்கிறது. சக்கரத்தின் அச்சு, கவை சுழலும் மேல்பகுதியான சுழல்தலையின் நேர்கீழே இருப்பதில்லை, சற்றுத் தள்ளித்தான் இருக்கும். தள்ளியிருப்பதால்தான் நாம் இழுக்கும் பக்கம் அது தானாகத் திரும்புகிறது. என் சக்கரத்தில் அந்தத் தள்ளல் 27 மி.மீ. காலில் ஒரு பென்சிலைக் கட்டித் தரையில் அட்டையை வைத்து இழைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் 30 மி.மீ. நீளத்துக்கு வில் போன்ற கோடு விழுந்தது.

சக்கரத்தையும் சுழல்தலையையும் ஒரே மிதியில் சேர்த்துப் பூட்டும் வகை ஒன்று உண்டு. கடையில் 'டோட்டல் லாக்' என்றால் தருவார்கள். ஒன்று 480 ரூபாய். இரண்டு வாங்கி வைஸ் பக்கம் மாட்டினேன். பென்சில் கோடு 4 மி.மீ. ஆகக் குறைந்தது. வார்னிஷ் அடிக்கவும் அளந்து கோடு போடவும் அது போதும். இழைப்புக்கு 4 மி.மீ. கூட அதிகம். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் மேசை துள்ளி, அடியில் பாதியைத் தான் வாங்கிக்கொண்டது. இரண்டு மாதம் இதோடு குடும்பம் நடத்தினேன். அந்த இரண்டு மாதத்தில் செய்த ஒரு ஸ்டூலின் இணைப்புகளை இப்போது பார்த்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விடை தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான்கு சைக்கிள் சக்கரம் பூட்டிய வண்டி, கரிப்பெட்டி. வேட்டியைக் கொடுக்கப் போனவன், அவர் பெட்டியை அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தேய்ப்பும் என் இழைப்பும் ஒன்றேதான், உடம்பின் எடையை முழுக்கக் கொடுத்து முன்னே தள்ளுகிற வேலை. ஆனால் அவர் வண்டி அசையவில்லை. குனிந்து பார்த்தேன். வண்டிச் சட்டத்தின் நான்கு மூலையிலும் முட்டுக்கட்டை கொடுத்து ஆப்பு அடித்திருந்தார். சக்கரத்தைக் கையால் தட்டினால் காற்றில் சுற்றியது.

"முட்டு இல்லாமல் தேய்க்க முடியாதா அண்ணே?"

"வண்டி ஆடினால் மடிப்பு கோணிப்போகும் சார். சக்கரத்துக்குக் காலையில் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை. நடுவில் அது எதற்கு?"

வேட்டியை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நின்று வேலை செய்யும்போது மேசை தன் கால்களில் நிற்க வேண்டும், நகர்த்தும்போது மட்டும் சக்கரம் கீழே இறங்க வேண்டும். மிதித்தால் இறங்கும் சக்கரங்கள் கடையிலேயே கிடைக்கின்றன. நல்லவை நான்கு வாங்கினால் என் மொத்தச் செலவையும் தாண்டிவிடும் என்பதால் நானே செய்தேன். மேசையின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டம் இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் 38 மி.மீ. தடிப்புள்ள ஒரு பலகையைக் கீல் வைத்துத் தொங்கவிட்டேன். பலகையின் அடியில் இரண்டு சக்கரம். பலகையின் உள்விளிம்பைக் காலால் மிதித்தால் சக்கரம் தரையில் ஊன்றி, கீல் பக்கம் மேலே எழும்பி, அந்த முனையின் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும். எழுந்ததும், மேலே ஒரு குறுக்குக்கட்டையில் கீல் வைத்துத் தொங்கும் முட்டு தானாக விழுந்து பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முட்டில் ஒரு நைலான் கயிறு. அதை இழுத்தால் முட்டு விலகி, மேசை கீழே உட்காரும்.

வெட்டிய கால்களுக்கு வருகிறேன். பிளைவுட் சதுரங்களையெல்லாம் கழற்றிய பிறகு மேசை இருபத்தெட்டரை அங்குலத்தில் நின்றது, பள்ளிக்கூட டெஸ்க் உயரம். அலமாரியிலிருந்த துண்டுகளை எடுத்து அதனதன் காலில் வைத்தேன். எது எந்தக் கால் என்று குறித்து வைக்காததால் ரேகை பார்த்துப் பொருத்த ஒரு மாலை ஆயிற்று. வெட்டுமுகத்தோடு வெட்டுமுகத்தைப் பசை மட்டும் பிடிக்காது. ஆகவே இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து, ஊடுருவ 8 மி.மீ. போல்ட் போட்டேன். பார்க்க எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டதுபோல் இருக்கிறது. மனைவி இன்னும் மேசையை 'நோயாளி' என்றுதான் சொல்கிறாள். தரை வாட்டத்துக்காக, கேட்டுப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 8 மி.மீ. பிளைவுட், நான்கு காலுக்கும் பழைய டயர் ரப்பர். இரண்டடி அகலத்துக்கு வாட்டம் சரியாக எட்டு மி.மீ.தான் வருகிறது. ஆனால் மேசையைத் திருப்பிப் போட்டால் பதினாறு மி.மீ. சாயும். எந்தப் பக்கம் எது என்று தரையில் பெயிண்ட் அடையாளம் வைத்திருக்கிறேன்.

முதலில் போட்ட கீல் 3 அங்குலம், 25 மி.மீ. திருகாணி. பலகையை நான்காவது தடவை மிதித்தபோது கீல் திருகாணியோடு கையில் வந்தது. அதே பாடத்தை இரண்டாவது தடவையும் காசு கொடுத்துப் படித்திருக்கிறேன். 4 அங்குலக் கனத்த கீலும் ஊடுருவும் போல்ட்டும் போட்ட பிறகு அசையவில்லை. சக்கரத்தைக் காலுக்கு 50 மி.மீ. பக்கத்தில் வைத்தது அடுத்த தவறு. சக்கரம் சுழலும்போது ஒரு வட்டம் வீசும். 27 தள்ளலும் 37.5 ஆரமும் சேர்த்து 64.5 மி.மீ. அந்த வட்டத்துக்குள் என் மேசைக்கால் இருந்தது. 80 மி.மீ. தள்ளி மறுபடி துளை போட்டேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் மிதிக்கும் பாரம். கீலிலிருந்து சக்கரத்தின் சுழல்தலை 60 மி.மீ., அங்கிருந்து மிதிக்கும் விளிம்பு 150. வைஸ் பக்கத்து 56 கிலோவைத் தூக்க 22 கிலோ மிதித்தால் போதும் என்று கணக்கு. ஆனால் சில நாள் பஞ்சுபோல் இறங்கியது, சில நாள் பலகையின் மேல் ஏறி நின்றாலும் முனகியது. ஒரு வாரம் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்தேன். கீல் பக்கம் திரும்பியிருந்தால் தரையில் ஊன்றும் இடம் கீலிலிருந்து 33 மி.மீ., எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் 87. முன்னதற்கு 10 கிலோ, பின்னதற்கு 40. இப்போது மிதிப்பதற்கு முன் கால்விரலால் இரண்டு சக்கரத்தையும் கீல் பக்கம் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிடுகிறேன். காற்றில் தொங்குவதால் சுலபமாகத் திரும்பும்.

முட்டும் இரண்டு தடவை மாறியது. முதல் முட்டு மேசையை 6 மி.மீ. மட்டுமே தூக்கியது. டைல்ஸ் மேடுபள்ளத்தில் கால்கள் உரசின. நீளத்தைக் கூட்டி 10 மி.மீ. ஆக்கினேன். ஒருநாள் தள்ளும்போது சக்கரம் கோட்டில் இடறி முட்டு வழுக்கிவிட்டது. ஐம்பது கிலோ முனை 'டம்' என்று இறங்கியது. என் கால் கட்டைவிரலுக்கும் மேசைக்காலுக்கும் நடுவே ஒரு அங்குலம் இருந்திருக்கும். அன்றே பலகையில் முட்டு உட்கார 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் கொத்தினேன். அதன் பிறகு வழுக்கவில்லை. செருப்பில்லாமல் தள்ளுவதையும் விட்டுவிட்டேன்.

ரம்பத்தின் கதை சின்னது. ரம்பம் 27, ஸ்டாண்டு 19, மொத்தம் 46 கிலோ. 100 மி.மீ. நேர்ச்சக்கரம், அதாவது சுழலாத 'ஃபிக்ஸட்' வகை, இரண்டே இரண்டு, ஒன்று 260 ரூபாய். ஸ்டாண்டின் பின்கால்களில், தரைக்கு மேலே 2 மி.மீ. இடைவெளி இருக்கும்படி மாட்டினேன். நிற்கும்போது நான்கு காலும் தரையில். முன்பக்கம் கைப்பிடியைத் தூக்கிச் சாய்த்தால் சக்கரம் தரையைத் தொடும், தள்ளுவண்டிபோல் இழுத்துக்கொண்டு போகலாம். ஒரே மாலையில் முடிந்து, இன்றுவரை கை வைக்க வேண்டியிராத ஒரே வேலை இதுதான்.

டிராலிக்கு மட்டும் நான்கு சுழல்சக்கரமே சரி. அதன் மேல் யாரும் இழைப்பதில்லை, சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். 75 மி.மீ. சாம்பல் நிற ரப்பர், தரையில் கோடு போடாத வகை, 165 ரூபாய். இரண்டில் பிரேக். வாட்டத்தின் கீழ்ப்பக்கம் பிரேக் சக்கரம் இருக்கும்படி நிறுத்துகிறேன். கேட்டுக்குப் போய் நிற்கும் பழக்கம் அதற்குப் போய்விட்டது.

கணக்கு: நைலான் 560, பாலியூரித்தேன் 840, டோட்டல் லாக் 960, நேர்ச்சக்கரம் 520, சாம்பல் ரப்பர் 660, சின்னக் கீல் 180, பெரிய கீல் 480, போல்ட், நட், ஆங்கிள் வகையறா 620. மொத்தம் 4820. இதில் நைலான், டோட்டல் லாக், சின்னக் கீல் மூன்றும் சேர்ந்து 1700 இப்போது வேலையில் இல்லை. நைலானில் நான்கு, அம்மாவின் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கின்றன. வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்துகிறார். பத்து மாத உழைப்பில் வீட்டில் பாராட்டுக் கிடைத்தது அதற்கு மட்டும்தான். தூக்கும் பலகையில் போட்ட பாலியூரித்தேன் சக்கரங்களில் பிரேக் இருக்கிறது. அதற்கு இனி வேலையே இல்லை, பிரேக் இல்லாததை இன்னும் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம்.

அடுத்த முறை நான்கு சக்கரமும் சுழலும்படி வைக்கமாட்டேன். வாட்டத்தில் மேசை நண்டுபோல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு முனையில் நேர்ச்சக்கரம் இருந்தால் சொன்ன பக்கம் போகும், அந்த முனையில் மிதிக்கிற பாரமும் நாளுக்கு நாள் மாறாது. இன்னொன்று, நான்கு தேவையென்றால் ஐந்து வாங்குவேன். தட்டில் உள்ள துளைகளின் இடைவெளி ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று உடைந்தால் அதற்கு ஜோடி தேடிப் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கும்.

ஐப்பசி மழைக்கு வைஸ் பக்கத்து முட்டு ஊதிக்கொண்டு பள்ளத்தில் இறுகிவிட்டது. கயிற்றை இழுத்தால் வரவில்லை, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. பக்கத்துக்கு ஒரு மி.மீ. சீவி மெழுகுவர்த்தியைத் தேய்த்திருக்கிறேன். இப்போது விலகுகிறது. சித்திரை வெயிலில் கோங்கு காய்ந்து சுருங்கும்போது அந்த ஒரு மி.மீ. எவ்வளவு ஆடும் என்று பார்க்க வேண்டும். சீவிய துண்டை அலமாரியில் வைத்திருக்கிறேன்.